ஈட்டிக்காரர்களும் ஒட்டாத நீலமும்

மார்ச் 4, 1973, ஞாயிறு

வெளியே சொன்னால் மானம் போகும், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இன்று காலை குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, நாற்பது பிரெஞ்சுக் குதிரைவீரர்களுக்கு முதுகு தேய்த்துவிட்டேன். தேய்த்தது என் மனைவி டோரீனின் பல் பிரஷ்ஷால். பத்து மணிக்கு அவள் பல் துலக்கிவிட்டு வந்து, பேஸ்ட்டில் ஏதோ புது ருசி என்றாள். நானும் ஆமாம், எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவைத்தேன். வயது ஐம்பத்திரண்டு.

வேறு வழி? கட்டைவிரலின் முதல் கணு உயரம்தான் ஒவ்வொருத்தனும். ரப்பர் மாதிரி வளைகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பொம்மை. அச்சிலிருந்து வரும்போதே உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. பெயிண்ட் அடித்தால் ஒட்டாது. ஒட்டினாலும் ஈட்டி கொஞ்சம் வளைந்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். எங்கள் போர் விளையாட்டு மன்றத்தின் சட்டம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது: மேஜைமேல் நிற்கிறவன் உடம்பில் வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால் அவன் படையைவிட்டு ஓடிப்போனவன். தூக்கி டப்பாவில் போட்டுவிடுவார்கள். வருடாந்தரப் போரில் தோற்றவன் அடுத்த போர் வரை எல்லாருக்கும் டீ போட வேண்டும்.

மூன்று வருடமாக டீ போடுகிறவன் யார் என்று சொல்லத் தேவையில்லை. என் படை எதிரியின் குண்டில் செத்ததே இல்லை. எல்லாம் தோல் உரிந்தே ஒழிந்தது.

ஏப்ரல் 28-இல் மன்றத்து எதிரி ஹொரேஸ் தாக்ரேயோடு மறுபடி மோதல்.

மார்ச் 7

சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, நீலம் அடித்து, இரண்டு நாள் பொறுத்து, ஒரே ஒரு ஈட்டியை லேசாக வளைத்துப் பார்த்தேன்.

நீலம் என் டீயில் விழுந்தது.

மார்ச் 11, ஞாயிறு

இருபத்தாறு வருடமாகக் கம்பளி ஆலையில் சாயப்பட்டறை மேஸ்திரி நான். கீத்லி ஊரில் பாதிப் பேர் போட்டிருக்கிற ஸ்வெட்டரின் நிறம் என் கைவேலை. கம்பளியில் நிறம் நிற்க என்ன செய்வோம்? புளித்த தண்ணீரில் கொதிக்க வைப்போம். அடடா, இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தொடையில் தட்டிக்கொண்டு, வினிகரை வாணலியில் ஊற்றி, பன்னிரண்டு குதிரைகளைக் கொதிக்கவிட்டேன்.

குதிரைகளின் கால்கள் நான்கு பக்கமும் விரிந்துவிட்டன. பன்னிரண்டும் வயிறு தரையில் பட உட்கார்ந்திருக்கின்றன, தவளை மாதிரி. இருபத்தாறு வருட அனுபவம்! கம்பளி எங்கே, பிளாஸ்டிக் எங்கே?

மதியம் அதே வாணலியில் மாட்டிறைச்சிக் குழம்பு. டோரீன் ஒரு கரண்டி நக்கிப் பார்த்தாள்.

“சிட்னி, நீ உங்க ஆலைச் சாயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தியா?”

இல்லை என்றேன். உண்மைதானே. நான் கொண்டுவந்தது வினிகர்.

மார்ச் 16, வெள்ளி

மன்றம். பதினான்கு பேருக்கு டீ. ஹொரேஸ் அடுக்களை வாசலில் வந்து நின்றான். அவன் வீரர்களுக்கு ஒரு பொட்டுப் பெயிண்ட் உதிர்ந்ததில்லை. எப்படி உதிரும்? முட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்துத் தூக்கிவருகிறான், புருவம் பிடுங்கும் இடுக்கியால் நகர்த்துகிறான். அந்த இடுக்கி தபால் ஆபீஸில் இருக்கிற அந்த விதவையுடையது என்று பேச்சு. எனக்கென்ன வந்தது. ஆனால் புதன்கிழமைதோறும் அவ்வளவு தபால்தலை யாருக்குத் தேவைப்படும்?

“என்னப்பா சிட்னி, உன் படை இந்த வருசமும் அம்மணமாத்தான் வருதா?”

சர்க்கரை எத்தனை என்று மட்டும் கேட்டேன். இரண்டு என்றான். நான்கு போட்டேன்.

மார்ச் 25, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! அவசரத்தில் எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, போகட்டும்!

டோரீன் முக்காலியின் கால் ஒட்டினாள், மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசையால். இரண்டு சொட்டு மேஜை விரிப்பில் விழுந்து காய்ந்து கிடந்தது. உரித்துப் பார்த்தேன். ஜவ்வு மாதிரி நீள்கிறது, கிழியவில்லை. நீள்கிறது! வளைகிறது!

ஓடிப்போய் ஒரு ஈட்டிக்காரனைக் கழுவி, பசையைத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பூசி, காய்ந்ததும் நீலம் அடித்து, அதன்மேல் இன்னொரு பூச்சுப் பசை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஈட்டியை வளைத்தேன். நிற்கிறது. நுனி குதிரையின் வாலைத் தொடுகிற அளவுக்கு வளைத்தேன். நிற்கிறது! டோரீனைத் தூக்கிச் சுற்றப் பார்த்தேன், பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் 1

பசை கொஞ்சம் கெட்டி. முப்பது பேருக்கு மூக்கு, வாய், மீசை எதுவுமில்லை. அவித்த முட்டைகள் குதிரையேறிப் போகின்றன. டோரீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிசை முழுதும் பார்த்தாள்.

“எதிரி இதைப் பாத்து பயப்படுவான், சிட்னி. அது ஒண்ணுதான் லாபம்.”

பசை ஒன்று, தண்ணீர் மூன்று. மறுபடி முதலிலிருந்து.

ஏப்ரல் 15, ஞாயிறு

நூற்றிருபது பேரும் தயார். மூக்கோடு.

ஒரு சங்கடம். சும்மா இருக்க முடியவில்லை. ஆலைக்குக் கிளம்புமுன் ஒருதரம், திரும்பி வந்ததும் ஒருதரம் ஈட்டிகளை வளைத்து வளைத்துப் பார்க்கிறேன். டோரீன் என் கையிலேயே அடித்தாள். நேற்று ஒரு நுனியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தூசியாக இருக்கும்.

தூசிதான்.

ஏப்ரல் 26

பதினொரு வருடத்தில் மன்றத்துப் பக்கம் எட்டிப்பார்க்காத டோரீன், இந்தச் சனிக்கிழமை தானும் வருகிறாளாம். டீ போட உதவியா என்றேன். “உன் டீயை நீயே போடு, நான் பின்னல் வேலையோட ஒரு ஓரமா உக்காந்திருக்கேன்” என்றாள். நான் தோற்பதை நேரில் பார்க்கத்தான் வருகிறாளோ?

ஏப்ரல் 28, சனி

ஜெயித்தேன்.

முழுசாக எழுதுகிறேன். நடுவர் பர்ட்விசில், எழுபது வயது, பூதக்கண்ணாடியோடு வந்தார். தொடமாட்டார், பார்ப்பார், அது சட்டம். முதல் மணி நேரத்திலேயே ஒன்பது பேரை ஓடிப்போனவர்கள் என்று தூக்கிவிட்டார். எல்லாம் ஈட்டி நுனி. இன்னும் நிறையப் பேர் நுனியில் அதே வெள்ளை. ஹொரேஸ் இடுக்கியைத் துடைத்துக்கொண்டே, டீத்தூள் இந்த வருடம் நல்ல ரகமாக வாங்கச் சொன்னான்.

இடைவேளை. எல்லாரும் அடுக்களைப் பக்கம் வந்துவிட்டார்கள். கடைசியாகப் போடும் டீ இதுவாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு ஊற்றினேன். டோரீன் மட்டும் மேஜையருகே இருந்தாள். குளிர் என்று டீகூட வேண்டாம் என்றுவிட்டாள். குளிருக்கு டீ வேண்டாம் என்கிறவளை இன்றுதான் பார்க்கிறேன்.

திரும்பிப் போனால், அதற்கப்புறம் ஒருத்தன்கூட ஓடவில்லை! பர்ட்விசில் குனிந்து குனிந்து பார்த்தார்.

“உன் படைக்கு வேர்த்திருக்கு சிட்னி, பளபளங்குது.”

பசையின் மினுமினுப்பு என்று விளக்கினேன். குதிரைகளை நகர்த்தும்போது விரலெல்லாம் பிசுபிசுத்தது, இடைவேளையில் ஜாம் பன் தின்ற கை. நூற்றுப் பதினோரு ஈட்டிகள் ஹொரேஸின் பீரங்கிகளுக்குள் புகுந்தன. நான்கரை மணிக்கு அவன் இடுக்கியைக் கீழே வைத்தான்.

டீ அவன் தலையில்!

மே 11, வெள்ளி

ஹொரேஸின் டீ கழுநீர். மூன்று கோப்பை குடித்தேன்.

மே 20, ஞாயிறு

மன்றத்தின் செய்திமடலில் என் கட்டுரை: ‘மென்பிளாஸ்டிக்கில் நிறம் நிற்கச் செய்யும் முறை’. நான்கு பக்கம். பிராட்ஃபோர்ட் மன்றத்தார் வந்து பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், அடுத்த சனிக்கிழமை. சாயப்பட்டறையில் பையன்கள் என்னைப் பேராசிரியர் என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. டோரீனிடம் பேச்சை இரண்டுதரம் படித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது, பசை ஒன்றுக்குத் தண்ணீர் மூன்று என்ற இடத்தை அழுத்திச் சொல் என்றாள்.

மே 25, வெள்ளி

நாளை பிராட்ஃபோர்ட். கோட்டில் ஒரு பொத்தான் ஆடியது. ஊசி தேடி டோரீனின் பின்னல் பையில் கைவிட்டேன். நூலுக்கு அடியில் சன்னமான ஒரு தூரிகை, ஒரு சின்ன டப்பா நீலம். என்னுடையது இல்லை; என்னுடைய டப்பாக்கள் ஆறும் அலமாரியில் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன்.

இந்த டப்பா பாதிக்கு மேல் காலி.