பெட்டி மாறிப் போட்ட சீட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான், அம்மா, உன் தம்பி மூவரும் நலம். விடியும் முன்னே எழுந்து ரொட்டி அடுப்பின் முன்னால் நிற்கிற நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தினசரி வேண்டுதல். வரிகள் ஒன்று மேட்டிலும் ஒன்று பள்ளத்திலும் போவதைப் பார்த்துப் பயப்படாதே. நான் எழுதும் லட்சணம் எப்போதுமே இதுதான், இப்போது சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அவ்வளவே. செவ்வாய்க்கிழமை கண் கட்டைப் பிரித்துவிட்டார்கள். நீ போனில் எத்தனை தடவை கேட்டும் அம்மா மழுப்பியதற்கு அவள்மேல் கோபப்படாதே, நான்தான் நானே எழுதிக்கொள்கிறேன் என்று அவள் வாயைக் கட்டிப்போட்டேன். கண்ணைப் பற்றிக் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் கிட்டத்தட்ட முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் எழுதுகிற கடிதம் இது, எல்லா நிறுத்தத்திலும் நின்றுதான் போகும், நடுவில் மணி அடிக்காமல் உட்கார்ந்து வா.

முதலில் வீட்டுச் செய்தி. உன் தம்பி கடையில் போன் பழுது பார்க்கிறேன் என்று நம் வீட்டுப் போனை மட்டும் தொடுவதே இல்லை, அதன் திரை போன வருஷம் விரிசல் விட்டது, அப்படியே இருக்கிறது. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. என்னைப் பின்தொடர்ந்து வீடு முழுக்க நடப்பதால் வலி தெரியவில்லையாம். ஒற்றைக் கண்ணால் பார்த்தால் எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றே பிடிபடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு குளம் கட்டுகிறேன். இப்போது ஜாடியின் மூக்கை டம்ளர் விளிம்பில் முட்டவைத்துவிட்டு ஊற்றக் கற்றுக்கொண்டேன். மூன்று நாள் பயிற்சி. கற்றுக்கொண்டதும் அம்மா கைதட்டினாள், நீ முதல் அடி எடுத்து வைத்தபோதுகூட அவள் அப்படித் தட்டவில்லை.

நீ போன மாதம் போனில் ஒன்று கேட்டாய். இத்தனை வருஷம் ஒழுங்காக ஓட்டின மனுஷனுக்குக் கடவுள் கொடுக்கிற பரிசு இதுதானா, இதற்கும் நன்றி சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே என்று. அத்தோடு வேலையை விட்டுவிட்டு இந்த மாதக் கடைசியில் கிளம்பி வருவதாகவும் சொன்னாய். நான் அப்போது பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை, முழுக் கதையும் சொல்லாமல் பதில் மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். உனக்குத் தெரிந்தது, அப்பாவுக்குக் கண்ணில் கோளாறு, ஆபரேஷன் ஆயிற்று என்பது மட்டும்தான். அந்தக் கோளாறு எப்படி வெளியே வந்தது என்பது உனக்குத் தெரியாது.

நம் ஜெபக்கூடத்து வாசலில் இரண்டு மரப்பெட்டிகள் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா. ஒன்று வேண்டுதலுக்கு, ஒன்று நன்றிக்கு. வேண்டுதல் சீட்டைப் போதகர் மட்டும் எடுத்துப் படித்துத் தன் அறையில் ஜெபிப்பார், வெளியே மூச்சு விடமாட்டார். நன்றிச் சீட்டு அப்படி இல்லை, ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் வாசிப்பார், எழுதினவர் எழுந்து நின்று நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். எனக்கு வலது கண்ணில் ஓரத்திலிருந்து ஒரு திரை இறங்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் பதினொரு மாதம் ஓட்டினால் முப்பது வருஷம் விபத்தில்லாமல் ஓட்டியதற்குப் பணிமனையில் ஒரு பதக்கம் தருவார்கள், அதை வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று மனதுக்குள் கணக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனாலும் பயம் இருந்தது, அதனால் ‘ஓட்டுநரின் வலது கண்ணுக்காக’ என்று ஒரு சீட்டு எழுதி, எப்போதும் போல முதல் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அந்த வாரம்தான் பெட்டிகளுக்கு வர்ணம் அடித்து இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, குழந்தைகூடப் படித்துவிடும். நான் குனிந்து பார்த்தால் யாராவது கண்ணுக்கு என்ன என்று கேட்டுவிடுவார்கள் என்று பார்க்காமலே போட்டேன். ஒளிக்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் முகமெல்லாம் சிரிப்பாக, நம் ஓட்டுநர் தம் வலது கண்ணுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்ல விரும்புகிறார் என்று வாசித்தார். அந்தச் சபையில் ஓட்டுநர் என்று இருப்பது நான் ஒருவன்தான், நழுவ வழியில்லை. பக்கத்தில் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், கண்ணுக்கு என்ன நன்றி, நன்றி சொல்கிற அளவுக்கு அதற்கு என்ன வந்தது என்று அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்தேன். கண் நன்றாக இருக்கிறது, ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். முன் வரிசையில் என் பஸ்ஸில் தினம் வருகிற இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பொய் வரவில்லை. வாயில் வந்தது இதுதான்: “ரெண்டு மாசமா எனக்கு வலது கண்ணுல சரியாத் தெரியல. தெரியாமலே பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அதுக்கு நன்றி.”

போதகருக்கு அடுத்த சீட்டை எடுக்கவே கை வரவில்லை. அம்மா வீட்டுக்கு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கே தெரியும், அவள் பேசினால் மழை, பேசாவிட்டால் புயல். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, நாளைக்குக் காலையில் நீங்களே போய்ச் சொல்கிறீர்களா, நான் வந்து சொல்லட்டுமா என்று கேட்டாள். நானே போனேன். மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று ஆரம்பித்து, அது யாரிடம் சொல்லும் பழமொழி என்பது உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். நான்தான் முதலில் சிரித்தேன். அன்றைக்கே ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டார்கள், பதக்கமும் போயிற்று. இறக்கியது நியாயம், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வெளியே வந்தால் கண்டக்டர் நிற்கிறான், நாங்கள் விசில் என்று கூப்பிடுகிறவன். இரண்டு மாதமாக அவன்மேல் எனக்கு எரிச்சல். வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் முன்னால் வந்து படியில் தொங்கிக்கொண்டு, எதிரே வருவதைப் பார்த்துப் பார்த்து ஊதித் தள்ளுவான், ஏன்டா காதைக் கிழிக்கிறாய் என்று பயணிகள் முன்னாலேயே இரண்டு தடவை திட்டியிருக்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “எனக்குத் தெரியும்ணே. உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. அதான் ஊதிக்கிட்டே வந்தேன்.” அவன் என்னை நேராகக் கேட்டிருக்க வேண்டும், நான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும், இரண்டு பேர்மேலும் தப்பு. அது வேறு. ஆனால் யோசித்துப் பார். நான் பொய் சொல்லிக்கொண்டு திரிந்த அந்த இரண்டு மாதமும் எனக்கு ஒரு கண் படியில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது, நான் அதைத் திட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறேன்.

இனி ஆஸ்பத்திரி. டாக்டர் அம்மா உன் வயதுதான் இருப்பாள், முகத்தில் சிரிப்பே இல்லை, ஆனால் கை அவ்வளவு மென்மை. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரை கழன்றுவிட்டது, முதல் வாரமே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாள். கேட்டாயா, பதக்கத்துக்கு ஆசைப்பட்டு நானேதான் அதைக் கெடுத்துக்கொண்டேன். ஆகவே கடவுள் எனக்கு இப்படிச் செய்தாரே என்று நீ அவரோடு சண்டை போடாதே, அவர் செய்யாததற்கு எல்லாம் அவர்மேல் பழி வேண்டாம். அதோடு இன்னொன்றும் சொன்னாள். இடது கண்ணிலும் ஒரு கிழிசல் ஆரம்பித்திருக்கிறதாம், இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் அதுவும் இதே வழியில் போயிருக்குமாம். அதற்கு அன்றே லேசர் ஒளிக்கதிர் வைத்து ஒட்டிவிட்டார்கள். பெட்டி மாறாமல் போயிருந்தால் நான் பதினொரு மாதம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிப் படி ஏறியிருப்பேன், அதற்குள் எத்தனை பேரை என்ன செய்திருப்பேனோ.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்து பார்த்தார்கள், செவ்வாய்க்கிழமை கட்டைப் பிரித்தார்கள். அது இனி வராது, மகளே. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும், வேறு ஒன்றும் சொல்லாது. இதைத்தான் நானே எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். கட்டைப் பிரித்த அன்று அழுதேன், மறைக்கவில்லை. மறைத்தவரை போதும். இடது கண் நன்றாக இருக்கிறது, தூரத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டினேன்.

கேள்விப்பட்டவர்கள் எல்லாம், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்கிறார்கள். இருக்கட்டும், அவர்கள் பிரியமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நான் நன்றி சொல்வது அந்தக் கணக்கில் இல்லை. தலையும் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பாய், இடது கண்ணும் போயிருந்தால் அன்றைக்கும் எழுந்து நின்று நன்றி சொல்லியிருப்பாயா என்று என்னை நானே கேட்டேன். தெரியவில்லை. உனக்குப் பொய் எழுத மாட்டேன், உண்மையிலேயே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நான் நல்லவனாக ஓட்டிய இருபத்தொன்பது வருஷமும், பொய்யனாக ஓட்டிய இரண்டு மாதமும், கட்டைப் பிரித்து அழுத செவ்வாய்க்கிழமையும் ஆண்டவர் என்னிடம் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறார். மாறி மாறி ஆட்டம் போட்டது நான்தான். இதற்கு மேல் பிரசங்கம் பண்ண எனக்கு வராது, போதகருக்கும் வேலை இருக்கட்டும்.

இப்போது என்னைத் தொலைந்த பொருள் அறையில் போட்டிருக்கிறார்கள். நல்ல இடம், காற்று வரும். குடைகளை விடு, ஒரு பல்செட் இருக்கிறது, நான்கு மாதமாக யாரும் கேட்டு வரவில்லை, அந்த மனுஷன் எதைத்தான் மென்று சாப்பிடுகிறானோ. ஒற்றைச் செருப்பு மட்டும் ஒன்பது. ஒரு காலில் செருப்போடு இறங்கிப் போனது தெரியாமல் ஒன்பது பேர் இந்த ஊரில் நடமாடுகிறார்கள், என்னைப் போய்க் குருடன் என்கிறீர்களே என்று விசிலிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். பொருளைத் தேடி வருகிறவர்கள் முகம் வாடி வருகிறார்கள், கையில் கொடுத்ததும் மலர்கிறார்கள். ஸ்டியரிங்கில் இருந்தவரை பயணிகளின் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

ஆகவே நீ வேலையை விடாதே. எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்றால் கூச்சப்படாமல் கேட்பேன், மறைக்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன். விடுப்பு கிடைக்கும்போது வா, பத்து நாள் இரு, சண்டை போடு, திரும்பிப் போ. நீ எங்களுக்காகப் பாவப்பட்டு வந்து உட்கார்ந்தால் அம்மா உனக்கும் சேர்த்துக் கைதட்ட ஆரம்பித்துவிடுவாள். காலையில் வெறும் வயிற்றில் அடுப்பு முன்னால் நிற்காதே, ரொட்டி சுடுகிறவள் ரொட்டி சாப்பிடுவதில்லை என்று உன் சிநேகிதி அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். முக்கியமானது ஒன்று, இந்த மாதத்துக்குள் கட்டாயம் கண்ணைக் காட்டு. இது பரம்பரையில் வரலாம் என்று டாக்டர் சொன்னாள். தம்பியைக் காட்டியாயிற்று, அவனுக்கு ஒன்றும் இல்லை. உனக்கும் இருக்காது, ஆனாலும் காட்டிவிட்டு என்ன சொன்னார்கள் என்று மறைக்காமல் எழுது.

ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நானும் அம்மாவும் என் பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்தோம். புது ஓட்டுநர், ஸ்டியரிங்கில் கை சுத்தம், நல்ல பையன். அம்மா தினம் என் பஸ்ஸில் சந்தைக்கு வரும்போது உட்காருகிற, ஓட்டுநருக்குப் பின் இருக்கையிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவன் பிரேக் போடுமுன் என் கால் தரையை அழுத்தியது. பாலம் வந்தது. ஒரு நாளைக்கு ஆறு தடவை வீதம் இத்தனை வருஷம் அந்தப் பாலத்தைத் தாண்டியிருக்கிறேன், கீழே ஆறு இருக்கிறது என்று தெரியும், திரும்பிப் பார்த்ததே இல்லை, பார்த்தால் பஸ் என்னாவது. அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எவ்வளவு அகலம், எவ்வளவு வெயில் அதன்மேல். ஒரு படகில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவைத் தொட்டு, இங்கே பார், இதைச் சொல்லவே இல்லையே நீ, தினமும் பார்த்துக்கொண்டுதானே வந்திருப்பாய் என்றேன். அவளும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நானும் இப்பத்தான் பாக்கறேன். இத்தனை வருஷமா பாலம் வந்தா கண்ணை மூடி உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டுல்ல வருவேன்.”

ஆண்டவர் உன் கைவேலையையும் கண்களையும் காத்து, நல்ல துணையும் நீண்ட ஆயுளும் தந்து ஆசீர்வதிப்பாராக. அம்மாவும் தம்பியும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். கண்ணைக் காட்ட மறக்காதே.

என்றும் மாறாத அன்புடன்,
உன் அப்பா