நான் முறிச்ச கொப்புக்கு நானே கேட்ட விளக்கம்

வெல்லாவெளி
18.05.2025

அன்பு மகன் டிலக்சனுக்கு,

இஞ்ச நானும் அப்பாவும் சுகம், ஆட்டுக்குத்தான் கால் நோவு. கட்டார் வெயிலுக்குள்ள நீயும் சுகமா இருக்கக் குமார தெய்வம் துணை. போனில சொன்னாச் சிரிச்சிட்டு வெச்சிருவாய், அதான் எழுதுறன்.

மனே, எங்கட வேட சனமும் காட்டிலாகாவும் இனிக் காட்டைச் சேர்ந்து பாக்கிறதெண்டு கூட்டம் வெச்சு என்னை இணைக் காவலராப் போட்டவங்க. ஒரு தொப்பி, ஒரு விசில், ஒரு பதிவுப் புத்தகம். போன மாசம் குமார தெய்வத்துக்கு வைக்கிற சடங்குக்குத் தேன் பாக்கப் போனன். காட்டுக்குள்ள கால் வைக்கமுன்னம் ஒரு கொப்பு முறிச்சு மரத்தில கொழுவித் தெய்வத்திட்டச் சொல்லிப்போட்டுத்தானே நாம போறது, அப்பிடியே செஞ்சன். பின்னால நிண்ட காட்டிலாகா ஒபிசர் உதயரூபன் ஐயா மரத்துக்குச் சேதமெண்டு எழுதிப்போட்டார். இணைக் காவலர் விளக்கம் கேக்கணுமாம், முறிச்ச ஆள் விளக்கம் குடுக்கணுமாம். ரெண்டும் நான்தானே! எனக்கு நானே கடிதம் எழுதி, நானே பதிலும் எழுதிக் குடுத்தன். பதில் திருப்தியில்லையெண்டு திருப்பி அனுப்பிட்டார். விசாரணை முடியுமட்டும் எங்கட ஆக்கள் ஒருத்தரும் காட்டுக்குள்ள போகேலாதாம். தேனில்லாமச் சடங்கா? எனக்குச் சோறு இறங்கயில்ல மனே.

வியாழக்கிழமை கொப்பை அளக்க ஐயா நாடாவோட வந்தார். தெய்வத்திட்ட ஒண்டும் சொல்லாம விறுவிறெண்டு உள்ளுக்குப் போனார், நான் வெளியிலயே நிண்டன். பத்தடி போகயில்ல, யானை பிளிறிச்சு. மனிசன் முகம் வெளிறிக் கிறுகி ஓடி வந்து, “அக்கா, எந்த மரத்தில கொழுவுறது?” எண்டு என்னைக் கேக்கிறார். நான் முறிச்சது ஒரு சாண், அவர் முறிச்சது ஆளுயரம்! நான் விடுவனா? விசிலை ஊதிப்போட்டுப் புத்தகத்தில அவர்ர பேரையும் எழுதினன்.

ஒண்டுக்கொண்டு சரியெண்டு இப்ப ரெண்டு வழக்கும் இல்ல. வாற மாசச் சடங்குக்குக் காட்டுக்குள்ள போகலாம், ஆளுக்கொரு கொப்பு, முன்னமே பேர் குடுத்து அனுமதி எடுக்கணும். ஐயாவும் தனக்கு ஒண்டு எடுத்திருக்கார். உன்ர பேரையும் குடுத்தன், ஏழாம் நம்பர். மூணு வருசமா உனக்கும் சேத்து நான்தான் முறிச்சுக் கொழுவினன். இனி அது சரிவராது, மற்றாளுக்கு மாத்தேலாதெண்டு சீல் அடிச்சிருக்கு.

நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணி குடி. தெய்வம் உன்னைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாக்கட்டும். லீவு கேக்க மறந்திராத. அந்தச் சீலுக்குக் கீழ நானும் கையெழுத்து வெச்சிட்டன் மனே.

உன்ர அம்மா
சீதேவிப்பிள்ளை
இணைக் காவலர்