பின் கதவில் கைப்பிடி இல்லாத கார்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கொட்டகைக்குப் போய் உங்கள் காரின் பானட் மீது கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. அதன் பிறகே முகம் கழுவினேன். சில நாட்களாக இப்படித்தான். நான் தூங்கும்போது யாரோ பூட்டைத் திறந்து, வண்டியை எங்கோ ஓட்டிவிட்டு, பழையபடி கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள் என்று ஒரு பயம். உள்ளங்கையில் பெட்ரோல் வாடை ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் சட்டையில் வரும் வாடை.

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன கறுப்புக் கார். அவர்கள் போன பிறகும் நம் ஊர் போலீஸ் அதைப் பல வருடம் வைத்திருந்தது. இனி ஓடாது என்று ஏலம் விட்டபோது, இரும்பு விலைக்குக் கேட்க வந்தவர்களை மிஞ்சி நீங்கள் கேட்டீர்கள். எதிர்வீட்டு அக்கா வாசலுக்கே வந்துவிட்டார். "மீன்காரங்க மேட்டுல போயி ஏலத்துல நெத்திலி எடுத்துட்டு வாங்கன்னா, உன் வீட்டுக்காரரு போலீசு காரையே எடுத்துட்டு வந்துட்டாரே! இத எந்தச் சட்டியிலடி கொழம்பு வைப்ப?"

கதவிலிருந்த எழுத்துகளை ஏலத்துக்கு முன்பே பெயர்த்துவிட்டார்கள். ஆனால் சுற்றியிருந்த கறுப்பு வெயிலில் வெளுத்திருந்ததால், எழுத்திருந்த இடம் மட்டும் கருகருவென்று தெரிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் இன்னும் 'போலீஸ்'தான். கழற்றிப் போட்டிருந்த கூரை விளக்கையும் சைரனையும் குப்பையிலிருந்து கேட்டு வாங்கிவந்து நீங்களே பொருத்தினீர்கள்; ஞாயிறுதோறும் இஞ்சினைப் பிரித்துப் பூட்டி மறுபடி ஓடவைத்தீர்கள். ஒரு பெயிண்ட் அடித்தால் என்ன என்று கேட்டேன்.

"அடிச்சா இது வெறும் பழைய காரு. ஊர்ல நூறு கெடக்கு. இப்படியே இருந்தா இது மாதிரி இது ஒண்ணுதான்."

ஒருநாள் நான் பின் சீட்டைத் துடைக்க உள்ளே உட்கார்ந்தபோது காற்றில் கதவு சாத்திக்கொண்டது. திறக்கக் கையைக் கொண்டுபோனால், அங்கே கைப்பிடி இல்லை. மறுபக்கமும் இல்லை. முன்னால் கம்பி வலை. நான் போட்ட சத்தத்தில் சிரித்துக்கொண்டே வந்த நீங்கள், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டீர்கள். "பிடிச்சிட்டுப் போறவன் எறங்கி ஓடிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான்" என்றீர்கள். உடனே ஒரு கைப்பிடி போடச் சொன்னேன். மற்ற எதிலும் என் பேச்சைத் தட்டாத நீங்கள், பெயிண்டைப் போலவே அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

நாகூருக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? எல்லைச் சாவடியில் நின்றிருந்த காவலர் நம் காரைக் கண்டதும் தடுப்புக் கட்டையைத் தூக்கி விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். நம் பக்கம் சாராயம் தாராளம், அந்தப் பக்கம் மதுவிலக்கு. பஸ்ஸில் போகிறவர்களின் துணிப்பையைக்கூடக் கவிழ்த்துப் பார்க்கிற சாவடி அது. நீங்கள் வழியெல்லாம் சிரித்தீர்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. "வேற யாராவது இதுல வந்தாலும் இப்படித்தானங்க தூக்கி விடுவாரு?" என்றேன். "உனக்கு எதுலயும் ஒரு பயம்" என்றீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அதை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவர் புதுச்சேரியிலிருந்து ஒரு பெரியவர். பழைய வண்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிறாராம். கூரை விளக்கையும் சைரனையும் எழுத்திருந்த இடத்தையும் விரலால் தடவினார். ஏல ரசீது இருக்கிறதா, யார் யார் ஓட்டினார்கள், எந்தத் திருகையாவது மாற்றியதுண்டா என்று கேட்டார். பிறகு பின் சீட்டில் உட்கார்ந்து என்னையே கதவைச் சாத்தச் சொன்னார். சற்று நேரம் கழித்துக் கண்ணாடியைத் தட்டினார். இறங்கியபோது அவர் முகம் வெளிறியிருந்தது. "எத்தன பேரு இதுல உக்காந்து கைப்பிடியத் தேடியிருப்பாங்க! போட்டுடாதீங்கம்மா. இது இல்லாததுதான் இதோட வெல." நான் தயங்குவதைப் பார்த்து, "மனசு வந்தாச் சொல்லுங்க, அவசரமில்ல" என்று முகவரி கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் வெள்ளைச் சட்டைக்காரர். "பழைய வண்டின்னா எனக்கு உசுருங்க" என்று சொல்லிக்கொண்டே வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கைகள் ஸ்டியரிங்கைத் தேடின. அது இடது பக்கம் இருந்தது. பிரெஞ்சுக்காரன் வண்டியை உயிர் என்று சொல்லும் யாரும் நம் ஊரில் அந்தத் தவற்றைச் செய்யமாட்டார்.

"சைரன் அடிக்குதுங்களா? மேல வெளக்கு? பின்சீட்டக் கழட்டிட்டா எடம் வரும்ல?"

பெரியவர் ஆசைப்பட்ட அதே பொருள்களைத்தான் இவரும் கேட்டார். சாராயம் கடத்தவா என்று முதலில் நினைத்தேன். அதுமட்டுமானால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். போகும்போது பின் கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "உள்ளேர்ந்து தொறக்க முடியாதுல்ல?" என்று கேட்டுச் சிரித்தார். இருட்டிய சாலையில் தனியாக நடந்துபோகும் ஒரு பெண்ணின் அருகே போலீஸ் கார் நின்று, ஏறச் சொன்னால் அவள் ஏறத்தானே செய்வாள்?

விற்பதற்கில்லை என்றேன். மறுபடி வந்தார். நேற்று மூன்றாம் முறை. நம் மகள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "பாப்பா எந்த காலேஜு? பஸ்லதான் போகுதா?" என்று கேட்டு, என்னைப் பார்த்தபடியே குடித்தார். "பொம்பளப் புள்ளைய வச்சிக்கிட்டு ஒத்தையில இருக்கீங்க. இந்த இரும்ப வச்சி என்ன பண்ணப் போறீங்க? வெள்ளிக்கிழம நல்ல நாளு. வந்து எடுத்துக்கிறேன்."

போலீசில் சொல்லலாம். என்னவென்று சொல்வது? ஒருவர் கார் விலைக்குக் கேட்டார் என்றா? மகளுக்கு எதுவும் தெரியாது. "நல்ல வெல தர்றாரேம்மா, குடுத்துடேன்" என்கிறாள். பெயிண்ட் அடித்து, கைப்பிடி போட்டு, சைரனைப் பிடுங்கிவிட்டால் அவருக்கு அது வேண்டாமல் போகலாம். ஆனால் அப்போது உங்களுடையது என்று அதில் ஒன்றும் மிஞ்சாது.

கடற்கரைச் சாலையில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது கால் நடுங்கி வண்டி நின்று நின்று போனது. "பயம் பாட்டுக்கு இருக்கட்டும், கால் பாட்டுக்கு வேல செய்யட்டும்" என்றீர்கள். பயம் போய்விடும் என்று நீங்கள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் இந்த இரண்டு வருடத்தையும் ஓட்டியிருக்கிறேன்.

இன்று புதன்கிழமை. நாளை விடியுமுன் முதல் பஸ்ஸில் மகளைத் திருநள்ளாற்றில் என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெளிச்சம் வந்ததும் காரை அப்படியே ஒப்படைக்க நானே ஓட்டிக்கொண்டு புதுச்சேரிப் பெரியவர் வீட்டுக்குப் போகப் போகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டினால், முந்தும்போது எதிரே வருவது தெரியாது. அதனால் எதையும் முந்தப் போவதில்லை. வைக்கோல் வண்டி குறுக்கே வந்தாலும் அதன் பின்னாலேயே போவேன்.