குன்னம் ரோட்டில் காய்ந்த கொள்ளு

5.1.1981

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சிவசுப்பிரமணியன் வந்தார். பிரீமியத்தை வாங்கிக்கொண்டு இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போனார். வருஷா வருஷம் இதே கதை. பெரம்பலூர் டாக்சி ஸ்டாண்டில் என் அம்பாசடர் மாதிரி சுத்தமான வண்டி வேறு கிடையாது. ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்து ஒரு கோழியைக்கூட நான் இடித்ததில்லை. எனக்கு எதற்கு இன்சூரன்ஸ்? கட்டாமல் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும், அதனால் கட்டுகிறேன்.

பாலிசியில் தேர்டு பார்ட்டி என்று போட்டிருக்கிறதே, அது யார் சார் என்று கேட்டேன். முதல் பார்ட்டி நானாம், இரண்டாவது கம்பெனியாம். மூன்றாவது ரோட்டில் போகிற யாராக வேண்டுமானாலும் இருக்கலாமாம். என் வண்டியில் அடிபட்டால் அவர்களுக்குக் கம்பெனி கொடுக்குமாம். முன்பின் தெரியாத ஒருத்தருக்காக நான் ஏன் தண்டம் அழ வேண்டும்?

இதையே மலர்க்கொடியிடம் சாயந்திரம் வரைக்கும் புலம்பினேன். "அதான் டைரி குடுத்திருக்காருல்ல. அதுல எழுதுங்க, என் காதாவது கொஞ்சம் ஆறட்டும்" என்றாள். எழுதுகிறேன்.

14.1.1981

பொங்கல். வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டேன். மாட்டுப் பொங்கல் நாளைக்குத்தானே என்றாள் மலர்க்கொடி. என் அப்பன் அடுத்தவர் மாட்டை மேய்த்தவர். நமக்கு வாய்த்த மாடு இதுதான், எந்த நாளில் கும்பிட்டால் என்ன?

22.1.1981

அரியலூர் சவாரி. சுண்ணாம்புக்கல் லாரிகள் இப்போது இந்த ரோட்டிலும் வர ஆரம்பித்துவிட்டன. முன்பெல்லாம் எதிரே ஒரு வண்டி வந்தால் கையை ஆட்டிவிட்டுப் போவோம். இப்போது கையை எடுக்க முடியவில்லை. ட்ரங்க் ரோட்டில் கேட்கவே வேண்டாம், எந்தப் புளியமரத்தில் எந்த லாரி மோதியது என்று மரத்தை வைத்தே ஸ்டாண்டில் அடையாளம் சொல்கிறார்கள்.

குன்னத்துக்கு இந்தப் பக்கம் ரோடு பூராவும் கொள்ளுச்செடி. தை பிறந்தால் இந்தச் சனங்களுக்குத் தார் ரோடுதான் களம். பிடுங்கின செடியைப் பரப்பிவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். போகிற வருகிற வண்டி மேலே ஏறி ஏறிக் கொள்ளு உதிர்ந்துவிடும். மாடு தேவையில்லை, கூலியாள் தேவையில்லை. டிரைவர்கள் எல்லோரும் திட்டுவோம். திட்டிக்கொண்டே ஏற்றிவிட்டுப் போவோம்.

ஆண்டாயி அக்கா வழக்கம் போல் கையைக் காட்டி, இந்தப் பக்கமா ஏத்து தம்பி என்று கூப்பிட்டது. புருஷன் இல்லாத மனுஷி. களையெடுத்து, கதிரறுத்து, அந்தக் கூலியிலேயே ஒரு துண்டு மானாவாரிக் கொல்லை வாங்கியிருக்கிறது. அதில் விளைந்த கொள்ளு. மெதுவாக ஏற்றினேன். திரும்பி வரும்போது ஒரு படி கொள்ளு வாங்காமல் விடாது. நாளைக்கு வீட்டில் கொள்ளு ரசம்.

29.1.1981

நாளைக்கு எழுதுகிறேன். அக்கா உயிரோடு இருக்கு.

30.1.1981

நேற்று அரியலூரில் கல்யாணப் பார்ட்டியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வந்தேன். அக்கா கையைக் காட்டியது. செடி மேல் ஏற்றினேன். எதிரே கல் லாரி, பாதி ரோட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு வந்தான். பிரேக்கை மிதித்துவிட்டேன். அடியில் பூராவும் உதிர்ந்த கொள்ளு. டயர் உருள்கிறதா வழுக்குகிறதா என்றே தெரியவில்லை, வண்டி பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. அக்கா ஓடப் பார்த்தது. பம்பருக்கும் மைல்கல்லுக்கும் நடுவில் வலது கால் மாட்டிக்கொண்டது.

லாரிக்காரன் நிற்கவேயில்லை.

என் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு பெரம்பலூர் ஆஸ்பத்திரி. அங்கே கட்டுப் போட்டு திருச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். பாடாலூர் தாண்டும்போது அக்கா கண்ணைத் திறந்தது. ஏதோ கேட்கிறதே என்று குனிந்தேன். "தம்பி, கொள்ள அள்ளி வச்சாங்களா?"

அழுதுகொண்டேதான் ஓட்டினேன். எழுதினால் என்ன, எனக்கு மட்டும்தானே.

1.2.1981

குன்னம் டீக்கடையில் பேசி முடித்தாகிவிட்டது. அக்காவின் ஊர்ப் பெரியவர்களும் எங்கள் ஸ்டாண்டு ஆட்களும் உட்கார்ந்தார்கள். தெரிந்த பையன், வேண்டுமென்றா செய்தான், போலீஸ் கேஸ் எதற்கு என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள். கால் கூடுகிற வரைக்கும் ஆஸ்பத்திரிச் செலவு என்னுடையது. எல்லோருக்கும் டீ. இந்தப் பக்கத்தில் எல்லா அடிதடியும் ஆக்சிடென்டும் இப்படித்தான் முடியும்.

நல்ல மனுஷர்கள். நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

6.2.1981

சிவசுப்பிரமணியனுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது. டீக்கடையில் முடித்தோம் என்று பெருமையாகச் சொன்னேன். மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார். கேஸ் இல்லை என்றால் ஆக்சிடென்டே நடக்கவில்லை என்று அர்த்தமாம். கம்பெனி எதை வைத்துக் கொடுக்கும்? "ஊரு கூடி நல்லது பண்றேன்னு அந்தம்மாவுக்கு வரவேண்டியதத் தட்டிவிட்டிருக்கீங்க வைரக்கண்ணு" என்றார்.

சரி, கேஸ் போட்டால் என்ன ஆகும் என்றேன். தப்பு என் மேல் என்று எழுத வேண்டும். கோர்ட்டுக்குப் போய் அபராதம் கட்ட வேண்டும். லைசென்ஸில் குறித்துவிடுவார்கள்.

யோவ், ஒரு கோழியைக்கூட இடிக்காதவன்யா நான் என்று அவர் மேல் கத்திவிட்டேன். பாவம், டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

9.2.1981

திருச்சி போய் வந்தேன். கால் கூடினாலும் குட்டையாகத்தான் இருக்குமாம். முட்டி மடங்காதாம். குத்தவைத்துக் களையெடுக்க முடியாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். தனியாகச் சொல்லி என்ன, அக்காவுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. கொல்லையை விற்றுவிடலாம் என்று இருக்கிறதாம், வாங்குகிற ஆள் இருந்தால் சொல் என்று என்னிடமே கேட்டது. வேறு ஏதோ வாங்கி வரச் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக.

10.2.1981

என் லைசென்ஸ் பெரிசா, அந்தக் கொல்லை பெரிசா?

12.2.1981

என் மேல் கேஸ் எழுதுங்கள் என்று ஸ்டேஷனில் போய் நின்றேன். ரைட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேஸ் வேண்டாம் என்று கெஞ்சுகிறவனைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அடிபட்டவர் புகார் கொடுத்தால்தான் எடுபடும் என்று அனுப்பிவிட்டார்.

அங்கிருந்தே நேராக திருச்சி. அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். முடியவே முடியாது என்றுவிட்டது.

"நாந்தானே தம்பி கையக் காட்டுனேன். வான்னு கூப்புட்டவ, வந்தவன் மேலயே கேஸ் போடுவனா?"

கொடுக்கப்போவது நான் இல்லை, கம்பெனி என்றேன். அது நம்பவில்லை. முன்பின் தெரியாத கம்பெனி தனக்கு எதற்குக் கொடுக்க வேண்டும், கடைசியில் உன் வண்டியைத்தான் பிடுங்கிக்கொண்டு போவான் என்கிறது. ஒரு மாசத்துக்கு முன்னால் நானும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னேன்.

தாடையைப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

13.2.1981

இன்றைக்கு மலர்க்கொடி தானும் வருகிறேன் என்று கிளம்பினாள். வழியெல்லாம் என்னைக் கிண்டல். என் மேல் கேஸ் போடு, கேஸ் போடு என்று பொம்பளை பின்னால் அலைகிற ஆள் உலகத்திலேயே நீங்கள்தான் என்கிறாள்.

நானும் ஏஜெண்டும் சட்டம் பேசினோம். அவள் சட்டமே பேசவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "யக்கா, வருசா வருசம் இவரு திட்டிக்கிட்டே கட்டுனது ஒங்களுக்காவத்தான். நீங்க வாங்கிக்கலன்னா அம்புட்டும் வீணு" என்றாள்.

அக்கா ரோட்டில் சிந்தின கொள்ளையே விளக்குமாற்றால் கூட்டிப் புடைத்து எடுக்கிற மனுஷி. வீணாய்ப் போகிறது என்றால் பொறுக்குமா? "வீணாவா போவுது?" என்று இரண்டு தரம் கேட்டது. அப்புறம் புகாரில் கைநாட்டு வைத்துவிட்டது.

இவளை முதல் நாளே கூட்டிப்போயிருக்கலாம்.

20.4.1981

அபராதம் கட்டினேன். லைசென்ஸில் சிவப்பு மையில் குறித்தார்கள். ஸ்டாண்டில் இனிமேல் நீயும் எங்க ஜாதி என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். வலிக்கத்தான் செய்தது. ஆனால் நினைத்த அளவு இல்லை.

7.2.1982

ரோட்டில் தானியம் உலர்த்தாதீர் என்று குன்னம் ரோட்டில் போர்டு வைத்திருக்கிறார்கள். அதன் மேலேயே வரகுக் கட்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் மைல்கல் வந்தது. ஆளே நடக்காத இடத்திலும் வேகத்தைக் குறைத்துத்தான் போகிறேன். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் என்னப்பா மாட்டுவண்டியா என்றால் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவின் நஷ்டஈட்டுக் கேஸைக் கோர்ட்டில் இன்னும் எடுக்கவில்லை. அக்கா கம்பு ஊன்றி நடக்கிறது. கொல்லையை விற்காதே, பொறு, பொறு என்று ஒவ்வொரு சவாரியிலும் நின்று சொல்லிவிட்டு வருகிறேன். அக்காவுக்காவது கோர்ட்டு மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்ல வாய் இருக்கிறது. கேஸ் போடச் சொன்ன எனக்கு அதுவும் இல்லை.

3.9.1982

நாளைக்குத் திருச்சியில் கோர்ட்டு. கம்பெனி வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். பிரமாதமாக ஒன்றும் இல்லையாம், அந்தம்மா திடீரென்று குறுக்கே ஓடி வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். கம்பெனிக்கும் நல்லது, என் பேருக்கும் நல்லது. சிவப்பு மை இருந்தாலும் ஊர் என்னை மறுபடி நல்ல டிரைவர் என்று சொல்லும்.

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

4.9.1982

முதலில் அக்காவைக் கூண்டில் ஏற்றினார்கள். எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். நாந்தான் கூப்பிட்டேன், தப்பு எம்மேலதான், தம்பி நல்ல பையன் என்றது. அக்காவின் வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கம்பெனி வக்கீலுக்கு வாயெல்லாம் பல்.

அடுத்தது நான். குறுக்கே வந்தார்களா என்றார். இல்லைங்க, ஓரமாத்தான் நின்னாங்க என்றேன். கொள்ளு மேல் பிரேக் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும், போட்டுவிட்டேன், தப்பு என் மேல் என்றேன். அவர் பல் உள்ளே போய்விட்டது. அக்கா கீழே இருந்து, இல்லைங்க அவன் பொய் சொல்றான் என்றது. பேசக்கூடாதும்மா என்று டவாலி அதட்டினார்.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் தப்பு தன்னுடையது என்று சண்டை போட்டு அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

வெளியே வந்ததும் அக்காவைத் திட்டினேன். காரியத்தையே கெடுத்துட்டீங்களே என்றேன். சாமி படம் மாட்டின எடத்துல எப்படிப் பொய் சொல்றது என்றது.

4.1.1983

பிரீமியம் கட்டினேன். திட்டாமல். உடம்புக்கு என்னமும் பண்ணுதா என்று சிவசுப்பிரமணியன் விசாரித்தார்.

21.1.1983

தீர்ப்பு வந்துவிட்டது. தப்பு இரண்டு பேர் மேலும் இருக்கிறது, பாதிக்குப் பாதி என்று ஜட்ஜ் எழுதியிருக்கிறார். ரோட்டில் பரப்பினது அக்கா தப்பு, அது மேல் பிரேக் போட்டது என் தப்பு. அதனால் கேட்டதில் பாதிதான். ஆனால் அந்தப் பாதியைக் கம்பெனி கட்டியே ஆக வேண்டும். கொல்லையை விற்க வேண்டாம், ஆள் வைத்து உழுது விதைக்கலாம். ஒரு கறவை மாடும் வாங்கிக்கொள்ளலாம் என்று வக்கீல் கணக்குச் சொன்னார்.

பாதி போயிற்றே என்று எனக்கு வயிறு எரிந்தது. அக்கா என் வண்டியில் முன் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு மகாராணி மாதிரி வந்தது. பாடாலூர் தாண்டும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டியது. "பாதி எம்மேலதான்னு ஜட்ஜே சொல்லிட்டாரு பாத்தியா. நீ கேட்டியா?"

அடிபட்ட அன்றைக்கு இந்த இடத்தில் அழுதேன். இன்றைக்குச் சிரித்துச் சிரித்து வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

2.2.1984

இன்றைக்குச் சவாரி எடுக்கவில்லை. அக்கா கொல்லையில் கொள்ளு பிடுங்கியாகிவிட்டது. ரோட்டில் போட்டால் ஒழிந்தது என்று போன மாசமே சொல்லியிருந்தேன். அக்கா ஆள் வைத்து, கொல்லை மூலையில் மண்ணை மெத்தி, தண்ணீர் விட்டு இறுக்கி, சாணி மெழுகி வட்டமாக ஒரு களம் போட்டிருந்தது. ஆனால் போரடிக்க மாடு? கறவை மாட்டை ஓட்டவா முடியும்?

அம்பாசடரை இறக்கினேன்.

களத்தில் செடியைப் பரப்பி, முதல் கியரில் சுற்ற ஆரம்பித்தேன். மலர்க்கொடி ஓரமாக நின்று செடியைப் புரட்டிப் போட்டாள். சேதி கேட்டு சிவசுப்பிரமணியன் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். இதுக்கெல்லாம் பாலிசியில இடமே இல்லை வைரக்கண்ணு என்று வரப்பில் நின்று கத்தினார். அவருக்கும் ஒரு படி உண்டு என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டுப் புடைக்க உட்கார்ந்துவிட்டார்.

அக்காவை எங்கே நிற்க வைப்பது என்று யோசித்தேன். வண்டிக்கு வெளியே வேண்டாம் என்று தோன்றியது. முன் சீட்டில் ஏற்றிக்கொண்டேன். மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தன் கொல்லையைப் பார்த்துக்கொண்டே வந்தது. கீழே கொள்ளு நெறுநெறு என்று உதிர்ந்துகொண்டிருந்தது.

"பிரேக்க மட்டும் தொட்டுடாத தம்பி" என்றது.

தொடவில்லை.