முதுகு காட்டி நின்ற அந்த ஒரு நிமிடம்

வெக்கை தீர்ந்து, எங்கேயோ குளிர்ச்சியாக உட்கார்ந்திருக்கும் என் அப்பாவுக்கு,

ஐந்து நாளாக இந்தக் கடிதத்தைத் தொடங்குவதும் விடுவதுமாக இருக்கிறேன். இரண்டு வரி எழுதுகிறேன். எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன். வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நடக்கிறேன். நூல் பிசிறு வெட்ட வந்த பனியன் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் அம்மா, "ஏங்கண்ணு, கால்ல சக்கரத்தக் கட்டீட்டுத் திரியற? செத்த நேரம் ஒரு பக்கம் உக்காரேன்" என்கிறார். உட்கார முடியவில்லை, அப்பா.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தீர்கள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தத் துக்கத்தை ஊரோடு சேர்ந்து அழுதுவிட்டேன். இப்போது என்னை விரட்டுவது வேறு. உங்களைப் பற்றி நான் பேசிய ஒரு வீடியோ.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுவிட்டு, சினிமாவைப் பற்றிப் பேச ஒரு சேனல் தொடங்கினேன். ஒரு காட்சியில் ஜன்னல் ஏன் பாதி திறந்திருக்கிறது, ஒருத்தி ஏன் படம் முழுக்க மஞ்சளே உடுத்துகிறாள், ஒரு பொம்மைப் படத்தில் மழை ஏன் மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் விழுகிறது என்றெல்லாம் பேசுவேன். "முழுசா இருக்கறதப் பிரிச்சுப் போடற வேலை" என்று அம்மா சிரிப்பார். நீங்கள் சாயப்பட்டறையில் பாய்லர் ஆள். இருபத்திரண்டு வருடம் விறகு தள்ளியவர். என் வேலையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வெளிநாட்டுப் பொம்மைப் படத் தொடர் ஒன்று வந்தபோது நான் மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. கையால் வரைந்த படங்கள். உறைந்துபோன ஓர் ஏரிக்கரையில் ஒரு குடிசை, அதில் ஓர் அப்பாவும் ஒரு சின்னப் பெண்ணும். அம்மா இறந்துவிட்டாள், பெண்ணுக்கு அது தெரியாது. ஐந்தாவது பாகத்தில் அவள் வெளியிலிருந்து வந்து, "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்கிறாள். அப்பா பதில் சொல்லாமல் திரும்பி அடுப்புப் பக்கம் போய் நின்றுவிடுகிறார். அப்புறம் ஒரு முழு நிமிடம் இசை இல்லை, பேச்சு இல்லை. என் கண்ணில் பட்டதெல்லாம் அவருடைய கறுப்புக் கோட்டின் முதுகு மட்டும்.

அதைப் பார்த்ததும் எனக்கு நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள். வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்ல நான் பட்டறைக்கே வந்த மத்தியானம் ஞாபகத்துக்கு வந்தது. பாய்லர் ரூம் வாசலில் நின்று சொன்னேன். நீங்கள் என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். பிறகு திரும்பி, பாய்லரின் வாயைத் திறந்து விறகைத் தள்ளத் தொடங்கினீர்கள். நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று உங்களுக்குத் தெரியுமா? வியர்வையில் ஒட்டிப்போன உங்கள் காக்கிச் சட்டையின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

இரண்டையும் சேர்த்து வீடியோ போட்டேன். அந்தக் கறுப்பு முதுகு ஒரு சுவர் என்றேன். நம் அப்பாக்கள் நம் கேள்விகளுக்கு முன்னால் எழுப்பும் சுவர். பாய்லர், காக்கிச் சட்டை, நான் நின்ற வாசல் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பெயரை மட்டும் சொல்லவில்லை. வேலம்பாளையத்தில் பெயர் சொல்லியா தெரியவேண்டும்? அதுவரை நான் போட்ட எந்த வீடியோவும் அப்படி ஓடியதில்லை. "என் அப்பாவும் இப்படித்தான்" என்று எங்கெங்கிருந்தோ எழுதினார்கள்.

நீங்களும் பார்த்தீர்கள். அன்று மாலை டீ குடித்துக்கொண்டே, "நல்லாப் பேசுன கண்ணு" என்றீர்கள். அவ்வளவுதான். கொஞ்சம் கழித்து, "அந்தப் படம் எங்க கெடைக்கும்?" என்று கேட்டீர்கள்.

நான் என்ன சொன்னேன், அப்பா? போனிலிருந்து தலையைத் தூக்காமல், "உங்களுக்குப் புரியாதுங்கப்பா. ரொம்ப மெதுவாப் போகும். கீழ ஓடற எழுத்து வேற இங்கிலீசு" என்றேன். "செரி" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனீர்கள். நாலு மாதத்தில் நீங்களே போய்விட்டீர்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு உங்கள் டிபன் கேரியரையும் மாற்றுச் செருப்பையும் எடுத்து வரப் பட்டறைக்குப் போனேன். ஜாபர் சித்தப்பாதான் எடுத்துக் கொடுத்தார். ஃபிட்டர் வேலை பார்க்கும் அவர் உங்களோடு எத்தனை வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவர்! எனக்கு டீ சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க சித்தப்பா."

"உன்ற வீடியோவ இங்க அத்தன பேரும் பாத்துட்டாங்க. சூப்பர்வைசர் வேற, 'என்னங்க, கொஞ்சம் திரும்பி நில்லுங்க, உங்க பொண்ணு பாக்குதாமா'ன்னு கேலி பண்ணுவாரு. அண்ணன் சிரிச்சுட்டே போயிருவாரு. ஆனா என்ற பையங்கிட்டச் சொல்லி அந்தப் படத்த என்ற போன்ல ஏத்திக் குடுக்கச் சொன்னாரு. தெனமும் சாப்பாட்டு நேரத்துல பாத்தமுங்க."

"அவருக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதுங்களே" என்றேன்.

"படிக்கறதெங்க? சும்மா படத்தத்தான் பாத்தாரு. அஞ்சாவது கதையில அந்தாளு திரும்பி நிக்கறான் பாரு, அத நாலஞ்சு தடவ போடச் சொன்னாரு. அப்பறம், 'ஜாபரு, என்ற பொண்ணு இத மட்டும் தப்பாச் சொல்லீருச்சு'ன்னாரு."

"என்னங்க தப்பு?"

"'கதவு தொறந்து கெடக்குது. காத்து அடிச்சு அடுப்பு அணையப் பாக்குது. புள்ளைக்குக் கஞ்சி வேகோணுமில்ல, அதான் காத்துக்குக் குறுக்க மறைச்சு நிக்கறான்'னாரு."

எனக்கு உடனே வாதம் வந்தது. அதுதானே என் தொழில். "அப்படீன்னா கதவச் சாத்தியிருக்கலாமே சித்தப்பா?"

"நானும் அதயேதான் கேட்டனம்மணி." சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "'அந்தப் புள்ள வாசல்ல நின்னு தடத்தையே பாத்துட்டு நிக்குது. அம்மா வருவான்னு நெனச்சுட்டு நிக்கறவ முன்னால போயி எப்படிடா கதவச் சாத்தறது?'ன்னு கேட்டாரு."

அப்பா, அன்று வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு வீடு வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. கேரியரை இறக்கிவைக்கக்கூட இல்லை. ஐந்தாவது பாகத்தைப் போட்டேன்.

கதவு திறந்துதான் இருக்கிறது. பெண் உள்ளே வரும்போதே திறந்துவிட்டு வருகிறாள். அந்த நேரத்தில் நான் கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் கேள்வி கேட்டுவிட்டு நிலைப்படிக்கே திரும்பிப்போய் ஏரிப் பாதையைப் பார்க்கிறாள். அவளுடைய பாவாடை ஓரம் படபடக்கிறது. குடிசைச் சுவரில் அடுப்பு வெளிச்சம் தத்தளிக்கிறது. அவர் போய்க் குறுக்கே நிற்கிறார். மெல்ல, மிக மெல்ல, அந்த வெளிச்சம் ஆட்டம் நின்று நிமிர்கிறது. அந்த ஒரு நிமிடமும் வரைந்தவர்கள் நமக்குக் காட்டிக்கொண்டிருந்தது அந்த வெளிச்சத்தை. நான் கறுப்புக் கோட்டுக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருந்தேன். பதினோரு தடவை பார்த்துவிட்டுப் பேசிய வீடியோ அது.

அன்றிலிருந்துதான் இந்த நடை. வாசலுக்கும் சமையல்கட்டுக்கும். வெறும் தவறு என்றால் திருத்திவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தப் படத்து அப்பாவைத் தப்பாகப் படித்தவள், பாய்லர் ரூம் வாசலில் நின்று உங்களை மட்டும் சரியாகப் படித்தேனா? அன்றைக்கு நீங்கள் ஏன் திரும்பினீர்கள்? விறகு தள்ளும் நேரம் தவறினால் பிரஷர் இறங்கிவிடும் என்று சித்தப்பா சொல்கிறார். அது மட்டும்தானா? கோபமா? பயமா? உங்கள் முகத்தை நான் பார்க்கக்கூடாது என்று நினைத்தீர்களா? எனக்கு எது வசதியோ அதை இப்போது எடுத்துக்கொள்ள முடியும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வீடியோவை அழித்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அழிச்சுப்போட்டா ஆச்சா? பாத்தவங்க மனசுல இருக்கறத எப்படி அழிப்ப?" என்றார். அதனால் அழிக்கவில்லை. திருத்தி ஒரு புது வீடியோ போட்டேன். இந்தத் தடவை வீட்டுக் கதை எதுவும் சொல்லவில்லை. நான் பார்க்கத் தவறியதை எழுத்தைப் படிக்காமல் படத்தைப் பார்த்த ஒருவர் பார்த்தார் என்று சொல்லி, கதவையும் காற்றையும் சுவரில் நிமிர்ந்த வெளிச்சத்தையும் காட்டினேன். பழையது போல ஓடவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஒரு பெண் எழுதியிருந்தாள்: "அக்கா, என் அப்பா முதுகு காட்டியது கோபத்தில்தான். எந்த அடுப்பையும் அவர் மறைத்து நிற்கவில்லை. உங்கள் முதல் வீடியோதான் எனக்குத் துணையாக இருந்தது. அதை ஏன் திருப்பி எடுத்துக்கொள்கிறீர்கள்?"

அவளுக்கு என்ன பதில் சொல்வது, அப்பா? உங்களிடம்தான் கேட்கிறேன். மூன்று நாள் யோசித்துவிட்டு, "உன் அப்பாவை நீதான் பார்த்திருக்கிறாய். நீ சொல்வதுதான் சரி" என்று எழுதினேன். போதுமா அது?

இங்கே மற்ற செய்திகளையும் சொல்கிறேன். அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். உங்கள் இடத்தில் ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் நிற்கிறார். நாற்பது வயது இருக்கும், பெயர் ரமேஷ். வந்த ஒரு மாதத்தில் "செரீங்க" என்று சொல்லப் பழகிவிட்டார். அந்தத் தொடரின் இரண்டாவது சீசன் போன மாதம் வந்தது. வந்த அன்றே சித்தப்பா போன் செய்தார். "அம்மணி, புதன்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு வந்துரு. நீயில்லாம நாங்க பாக்கறதில்லைன்னு முடிவு பண்ணீட்டோம்."

போனேன். நீங்கள் உட்காரும் பெஞ்சில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். ஆறு பேர் ஒரு சின்ன போனைச் சுற்றி. கீழே ஓடிய எழுத்தை நான் தமிழில் சொல்ல, சித்தப்பா அதைத் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ரமேஷுக்குச் சொன்னார். அந்தப் பெண் இப்போது பெரியவளாகிவிட்டாள். ஏரி உருகிவிட்டது. அவள் ஒற்றைச் செருப்போடு கரை நெடுக நடக்கிறாள்.

"ஏனம்மணி, எதுக்கு ஒத்தச் செருப்போட நடக்குது?" என்றார் சித்தப்பா.

என்னிடம் மூன்று விளக்கம் தயாராக இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "தெரியலீங்க சித்தப்பா. நீங்கெல்லாம் என்ன நெனைக்கறீங்க?" என்றேன். அவ்வளவுதான், ஆளுக்கொன்றாகச் சொல்லிச் சண்டை பிடித்துக்கொண்டார்கள். ரமேஷ் தன் செருப்பையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ விளக்கினார். பெல் அடித்துவிட்டது. ஒன்றும் முடிவாகவில்லை. பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது. அடுத்த புதனுக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தக் கடிதத்தையும் நாலு பேர் படிக்கிற இடத்தில்தான் போடப்போகிறேன். மறுபடியும் உங்களைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருகிறேனா என்ற கேள்வி எழுத எழுதக் குடைந்தது. அதனால் இந்தத் தடவை முன்கூட்டியே கேட்டேன். சித்தப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "போடு அம்மணி, அண்ணன் கூச்சப்படுவாரு, ஆனா வேண்டாம்னு சொல்ல மாட்டாரு" என்றார். அம்மாவுக்கும் முழுக்கப் படித்தேன். கடைசியில், "எல்லாம் இருக்கட்டும். அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துரு கண்ணு. அது எனக்கும் அவருக்கும்" என்றார். எடுத்துவிட்டேன். அது எந்த வரி என்று உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை.

இனி ஒரு மனிதரைப் பற்றிப் பேச வாயைத் திறக்கும் முன்னால், அவர் எதைப் பார்த்தார் என்று அவரிடமே கேட்பேன். கேட்க ஆள் இல்லாவிட்டால், தெரியவில்லை என்று சொல்வேன். இதை உங்கள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், அப்பா.

அம்மாவோடு வேலம்பாளையத்தில் இருக்கும்,
உங்கள் ஒரே மகள்
பூங்கொடி