என் மொட்டைமாடி வழியாக ஒரு ஒயர்

3 பிப்ரவரி 2025, திங்கள்

காலை பத்து மணிக்கு கோபிநாத்தின் ஆட்கள் இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். பின்வீட்டு மோனிக் அம்மாளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க வேண்டுமாம். தெருக் கம்பத்திலிருந்து அந்த வீட்டுக்கு ஒயர் போக ஒரே வழி என் மொட்டைமாடி. முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கோபிநாத் யார்? டெலிபோன்ஸில் எனக்குக் கீழே ஒப்பந்தத்தில் கேபிள் இணைத்தவன். 2017-இல் வேலையை விட்டான். ஆறே மாதத்தில் சொந்தமாக இன்டர்நெட் தொழில். இந்தத் தெருவில் நாற்பத்தொரு வீடுகளில் எங்கள் செம்பு லைன் இருந்தது. இன்று ஒரே வீட்டில், என் வீட்டில். நான் விருப்ப ஓய்வு பெற்றபோது விழாவுக்குக்கூட வரவில்லை.

மோனிக் அம்மாள் யார்? பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக, எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'வாக, இருந்த ரொபேரின் மனைவி. 2009-இல் அந்த ரொபேர் என் கிழக்கு ஜன்னலை மறைத்து மாடிச் சுவர் எழுப்பினார். நியாயம் கேட்கப் போனபோது இந்த அம்மாள் தெருவே கேட்கச் சொன்னார்: "சொல்தா வூட்டு விஷயத்துல போஸ்டாபீஸ்காரருக்கு இன்னா பேச்சு?"

நான் டெலிபோன்ஸில் பொறியாளர். போஸ்டாபீஸ்காரர்!

ரொபேர் போய்ச் சேர்ந்துவிட்டார். சுவர் இருக்கிறது.

5 பிப்ரவரி, புதன்

என் மனைவி சுலோசனா எனக்குத் தெரியாமல் பின்வீட்டுக்கு ரசம் கொண்டுபோகிறாள். இன்று அவளே சொல்லிவிட்டாள்.

மோனிக் அம்மாள் இடுப்பெலும்பு முறிந்து மாடியறையில் படுத்த படுக்கை. பிரான்சிலிருந்து வரும் பென்ஷனுக்கு, தான் உயிரோடிருப்பதை வருடா வருடம் நிரூபிக்க வேண்டும். போன வருடம் வரை ஆட்டோவில் போய் அதிகாரி முன்னால் நின்று கையெழுத்து வாங்கினார். இப்போது எழ முடியாது. போனில் ஒரு செயலியைத் திறந்து முகத்தைக் காட்டினால் போதுமாம். ஆனால் அந்த அறையில் மொபைல் சிக்னல் ஒரே கோடு. வீடியோ பாதியில் நிற்கிறது. 28-ஆம் தேதி கடைசி நாள். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். வேறு வரும்படி கிடையாது.

படுக்கையிலிருந்தபடியே ஜன்னல் வழியாக அவர் வைத்திக்குப்பத்து மீன்காரியோடு பேரம் பேசுவது தெருக்கோடி வரை கேட்கிறது. அவர் உயிரோடிருப்பது எங்கள் முத்தியால்பேட்டைக்கே தெரியும். பிரான்சுக்குத்தான் தெரியவில்லை.

"ஊருக்கெல்லாம் லைன் குடுத்த மனுஷன், பின்னாடி வூட்டுக்கு ஒரு ஒயர் போவ வழி வுட மாட்டாரு" என்றாள் சுலோசனா. என்னிடம் இல்லை, மிக்ஸியிடம்.

8 பிப்ரவரி, சனி

இன்றும் ஏணி வந்தது. இன்றும் முடியாது.

10 பிப்ரவரி, திங்கள்

கோபிநாத் இல்லாமலே முடித்துக் காட்டுகிறேன். என்னென்ன வழி இருக்கிறது? டாங்கிள் — அதுவும் மொபைல் சிக்னல்தான், வீண். கேபிள் டிவி வழியாக நெட் — அந்த ஒயரும் என் மாடி ஏறியாக வேண்டும், அதையும் நடத்துவது அதே கோபிநாத். சாட்டிலைட் டிஷ் — ஒரு முகத்தைக் காட்டவா? மிச்சம் என் செம்பு லைன். என் வைஃபை பெட்டியை அந்தச் சுவர்மேல், அதே சுவர்மேல் வைத்தால், அவர் கட்டில் பத்தடி தூரம். ஒயரே வேண்டாம்.

போஸ்டாபீஸ்காரன் யார் என்று அந்த அம்மாளுக்கும் தெரியட்டும்.

12 பிப்ரவரி, புதன்

வைத்தேன். சுலோசனா அங்கே போனைப் பிடித்துக்கொண்டாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம். சிக்னல் முழுசாக வந்தது. முதலில் பிரெஞ்சு செய்தி போட்டுப் பார்த்தார்கள். தண்ணீராக ஓடியது.

"பியாங்! ராமதாஸ், ஒங்க லைனு நல்லாக்கீது!" பிரெஞ்சுப் பாராட்டோடு, பதினாறு வருடம் கழித்து என் பெயர் அந்த வாயிலிருந்து.

பிறகு செயலி. இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று தடவை. உறுதிசெய்ய இயலவில்லை.

"செத்துட்டேன்னு சொல்லுதா சுலோ?"

"இல்ல மதாம், சந்தேகமா கீதுன்னு சொல்லுது."

இனி ஒரே ஒரு முறைதான் அனுமதிக்குமாம்.

காரணம் எனக்குத் தெரியும். என் லைனில் இறங்கும் வேகம் எட்டு எம்.பி., ஏறும் வேகம் அரை. படம் பார்க்கப் போதும், முகத்தை அனுப்பப் போதாது. இதைத் தெரிந்தவன் எப்படி மறந்தேன்? மறக்கவில்லை — ஏறும் வேகத்தைப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. ஓய்வு பெற்று ஐந்து வருடமாக இந்த வீட்டிலிருந்து நான் யாருக்கும் எதையும் அனுப்பியதில்லை.

15 பிப்ரவரி, சனி

போன் செய்தேன்.

"கோபி, ராமதாஸ் பேசறேன்."

"சார்! அந்த லேண்ட்லைன இன்னும் வச்சிருக்கீங்களா?"

"ஆள அனுப்பு. மாடி தெறந்திருக்கு."

"ஆளு வேணாம் சார், நானே வரேன். பசங்க வந்தா நூறு நொட்ட சொல்லுவீங்க."

"நொட்டையா செஞ்சா சொல்லத்தான் செய்வேன்."

17 பிப்ரவரி, திங்கள்

முக்கால் மணி நேர வேலை. இரண்டு ஆணிகளை மாற்றி அடிக்கச் சொன்னேன். ஒயர் வளைந்த இடம் சரியாகவே இருந்தது, அதைச் சொல்லவில்லை.

விழாவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"வந்தேன் சார், கேட் வரைக்கும். ஒங்க லைனயெல்லாம் புடுங்குனவன் மாலையோட உள்ள வந்தா நல்லாவா இருக்கும்?"

நன்றாக இருந்திருக்காதுதான்.

பதினொன்றரைக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம்: "ராமதாஸ்! நா உயிரோடதான் இருக்கேனாம்! பிரான்சுல ஒத்துக்கினாங்க!"

"நாங்க என்னிக்கோ ஒத்துக்கினோம்" என்றேன். சுலோசனா சிரித்தாள்.

கிழக்கு ஜன்னலுக்கு இன்னமும் காற்று வரவில்லை. அதை நான் மறப்பதாக இல்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

துணி காயப்போட மாடிக்குப் போனபோதுதான் கவனித்தேன். மோனிக் அம்மாளின் ஒயரோடு இன்னொரு ஒயரும் கம்பத்திலிருந்து வந்திருக்கிறது. முனைக்கு மூடி போட்டு, சுருளாகச் சுற்றி, என் கைப்பிடிச் சுவரில் கட்டியிருக்கிறது. அன்று நான் காபி குடிக்க இறங்கிய பத்து நிமிடத்தில் கட்டியிருப்பான். கேட்காமல்!

டேப்பை எடுத்துவந்து அளந்தேன். சுருள் இருபது மீட்டர். அங்கிருந்து மாடிப்படி ஜன்னல் வழியாக என் மேசை வரை பத்தொன்பதே கால். முக்கால் மீட்டர் வளைவுகளுக்கு.

சரியான அளவுதான்.

வெயில் கடுமையாக இருந்தது. உடைந்த சிமென்ட் சட்டி ஒன்று மூலையில் கிடந்தது. அதை எடுத்துச் சுருளின் மேல் வெயில் படாதபடி சாய்த்துவைத்துவிட்டு இறங்கி வந்தேன்.