அட்டைக்காலத்து மாத்திரை

அன்பு மகள் ஆனந்திக்கு, மாட்டுப்பட்டிக்கு மேலே நம் எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து அம்மா எழுதுவது. மஸ்கட்டில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் மாரியாத்தாள் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் வாயைத் திறந்தால் முறைக்கிறார். அதனால்தான் லீவு முடிந்து உன் கடைக்கே திரும்பி வரும் டின்சியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

மழை விடவே இல்லை. லோகேஷ் ஜீப்புக்கு டூரிஸ்ட் யாரும் வருவதில்லை, உன் தம்பி வீட்டில்தான் படுத்துக் கிடக்கிறான். மழை என்றால் தேயிலைக் காட்டில் அட்டை, உனக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்கள் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். உன் அப்பாவுக்குச் சர்க்கரையால் பாதம் மரத்துப்போனதில் பூட்ஸுக்குள் ஏறியதே தெரிவதில்லை. அதோடு நெஞ்சுத் துடிப்பு சீராக இல்லை என்று, ரத்தம் கட்டாமல் இருக்கப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை கொடுத்தார்களே, அதைப் போடுவதால் கடித்த இடத்தில் ரத்தம் நிற்பதே இல்லை. ஒரு நாள் சாயங்காலம் சாக்ஸைப் பிழிந்தால் ரத்தம். அதோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். "அட்டை பாதியக் குடிக்குது, மாத்திர மீதிய வெளியேத்துது, எனக்கு என்னட்டி மிஞ்சும்" என்று என்னிடமே சண்டை.

டிஸ்பென்சரி நர்ஸ் நர்மதாவிடம் ஓடினேன். "கடிச்ச எடத்துல துணிய வச்சு அழுத்திப் பிடிங்கக்கா, நிக்காட்டி இங்க கூட்டிட்டு வாங்க, மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க, சுகரும் இந்தத் துடிப்பும் சேந்த ஆளுக்கு நெஞ்சுக்குள்ள ரத்தம் கட்டி மூளைக்கு ஏறிரும்" என்றாள். அட்டை இல்லாத, கொழுந்து எடை போடும் ஷெட்டில் வேலை கேட்கவும் சொன்னாள். இவர் கேட்க மாட்டாராம். சீக்காளி என்று ஆபீசில் தெரிந்தால் பென்ஷனுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு லயத்து வீட்டையும் காலி பண்ணச் சொல்வார்கள் என்று பயம். அந்தப் பயம் எனக்கும்தான் இருக்கிறது, பிறகு எந்த வாயால் அவரை அதட்டுவேன்? லோகேஷ் சத்தம் போட்டான், அவனோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார். நான் மாத்திரையைப் பொடித்துக் கட்டன் சாயாவில் கலந்தேன், ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு வாசலில் ஊற்றினார். அவ்வளவு வீம்பு இந்த மனுஷனுக்கு.

போன வாரம் காலையில் கவாத்துக் கத்தியை எடுத்தவருக்குப் பிடி நிற்கவில்லை, கீழே விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணி, என் பேரைச் சொல்ல வந்து சொல்ல முடியவில்லை. ஐயோ ஆனந்தி, நான் என்ன செய்வேன். ஜீப்பை எடுடா என்று லோகேஷைக் கூப்பிடுவதற்குள் சரியாகி, "ஒண்ணுமில்ல, குளிரு" என்று வேலைக்குப் போயே போய்விட்டார். நர்மதா கேட்டுப் பதறிப்போய் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். வந்தால்தானே? அவர் சாப்பிட்டுக் கண்ணயரும்போது நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன். தகரக் கூரைச் சொட்டு மாதிரி இரண்டு சேர்ந்து விழுகிறது, அப்புறம் ஒன்றையும் காணோம். கையை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

"வீடியோவில் என் முன்னாலேயே அப்பா மாத்திரை போடுகிறாரே" என்று நீ நினைப்பாய். அது நிஜம்தான். நீ கூப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வேலை இல்லை, அட்டை இல்லை, நீயும் பார்க்கிறாய், அதனால் போடுகிறார். கேட்டால், "புள்ளைகிட்ட நான் என்னைக்கும் பொய் சொன்னதில்ல" என்கிறார்.

அதனால் தாயி, வேலை நாளிலும் அவர் பூட்ஸ் மாட்டுவதற்கு முன்னால் கூப்பிட முடியுமா? அப்போது அங்கே விடிந்திருக்காது, கடை அடைத்து நீ படுக்கவே நேரமாகிறது என்று டின்சி சொன்னாள். கேட்கவே கூசுகிறது. உன் முகத்தைப் பார்த்தால் மட்டும்தான் முழுங்குகிறார், எனக்கு வேறு வழி தெரியவில்லை. திட்டிவிடாதே, போனை வைத்துவிடுவார். உங்களைப் பார்க்கணும் போல இருந்தது அப்பா என்று மட்டும் சொல். நான் தண்ணீரும் மாத்திரையுமாகப் பக்கத்தில் நிற்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. மகராசியாய் இரு. நான் எழுதினது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

கையாலாகாத உன் அம்மா,
வேலுத்தாய்